தோல் ஜாக்கெட்டுக்கான தோல் தேர்வு

தோல் ஜாக்கெட்டுக்கான தோல் தேர்வு என்பது, நெடுநாள் உழைக்கும் ஜாக்கெட்டுக்கு ஏற்ற பதனிட்ட தோலை அடையாளம் கண்டு தெரிவு செய்வதாகும். விலங்கின் வகை, தோலின் அடுக்கு, விலங்கின் உடலில் அது இருந்த இடம், தடிமன், பதனிட்ட முறை, மேற்பூச்சு ஆகிய ஆறும் இத்தேர்வில் கருதப்படுகின்றன. நல்ல தோலால் ஆன ஜாக்கெட் இருபது, முப்பது ஆண்டுகள் கூட உழைக்கும். தரம் குறைந்த தோலாலோ தோல்போன்ற செயற்கைப் பொருளாலோ ஆனது சில ஆண்டுகளிலேயே உரிந்தோ கிழிந்தோ போகலாம். கடையில் தொங்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு இது பணம் சார்ந்த செய்தி மட்டுமன்று. சாலையில் விழுந்து சறுக்கும்போது அவரது உடலுக்கும் தார்ச்சாலைக்கும் இடையில் இருப்பது அந்தத் தோல் மட்டுமே.

தோலின் அமைப்பு

தோலின் உறுதி அதன் உள்ளமைப்பிலிருந்து வருகிறது. விலங்கின் தோலில் மேற்புறம், அடிப்புறம் என்ற இரண்டையும் பதனிடுவோர் நீக்கிவிடுகின்றனர். மேலே உள்ள மெல்லிய மேற்தோலும் மயிரும் சுண்ணாம்பு ஊறலில் அகற்றப்படுகின்றன. அடியில் உள்ள கொழுப்பும் சதையும் சுரண்டி எடுக்கப்படுகின்றன. நடுவில் எஞ்சும் பகுதியே பதனிட்ட தோலாகிறது. இது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆனது.

இந்த நடுப்பகுதியிலும் இரண்டு அடுக்குகள் உண்டு. மயிர்ப்பக்கம் உள்ள மேலடுக்கில் நார்கள் மிக மெல்லியவையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். தோலின் அழகும், நீரையும் உராய்வையும் தாங்கும் தன்மையும் இங்கிருந்து வருகின்றன. அதன் கீழே உள்ள அடுக்கில் நார்கள் தடித்தவை. கயிற்றைப் பின்னியதுபோல எல்லாத் திசைகளிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. கிழியாமல் தாங்கும் வலிமை பெரும்பாலும் இந்தக் கீழடுக்கிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே, மேலடுக்கும் அதனோடு இயல்பாக ஒட்டிய போதிய கீழடுக்கும் சேர்ந்திருக்கும் தோலே உறுதியானது.

விற்பனைப் பெயர்களும் அவற்றின் பொருளும்

தடித்த மாட்டுத்தோலை எந்திரத்தில் இட்டுக் கிடைமட்டமாக இரண்டு, மூன்று அடுக்குகளாகப் பிளப்பது வழக்கம். எந்த அடுக்கு எந்தப் பெயரில் விற்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது தேர்வின் முதற்படி.

ஃபுல் கிரெயின்: மயிர்ப்பக்கம் தேய்க்கப்படாமல் முழுமையாக உள்ள தோல். மயிர்க்கால் துளைகளும், விலங்கு உயிரோடிருந்தபோது பட்ட சிறு கீறல்களின் தழும்புகளும் தெரியும். வகைகளுள் மிக உறுதியானது இதுவே.

கரெக்டட் கிரெயின்: மயிர்ப்பக்கத்தைத் தேய்த்துத் தழும்புகளை நீக்கி, நிறப்பூச்சுப் பூசி, செயற்கையான வரிகளை அச்சிட்ட தோல். பார்வைக்கு ஒரே சீராக இருக்கும். நெருக்கமான மேலடுக்கில் ஒரு பகுதியை இழந்திருக்கும். டாப் கிரெயின் என்ற பெயரிலும் பெரும்பாலும் இத்தகைய தோலே விற்கப்படுகிறது.

நூபக்: மயிர்ப்பக்கத்தை இலேசாகத் தேய்த்து வெல்வெட்போல ஆக்கியது. உறுதியில் குறைவில்லை, ஆனால் அழுக்கும் எண்ணெய்க்கறையும் எளிதில் பிடிக்கும்.

பிளவுத் தோல்: மேலடுக்கைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கீழடுக்கு. இதைத் தேய்த்து ஸ்வீட் ஆக்குவர். அல்லது மேலே பாலியூரித்தேன் படலம் ஒட்டிச் சாதாரணத் தோல்போலத் தோன்றச் செய்வர்.

பாண்டட் லெதர்: தோல் துகள்களை அரைத்துப் பசையோடு கலந்து துணிமீது படியவைத்துச் செய்யப்படுவது. இதில் இயற்கையான நார்ப்பின்னல் இல்லை. ஜாக்கெட்டுக்கு ஏற்றதன்று.

'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை பலரையும் குழப்புகிறது. அது உண்மைத் தோல் என்பதை மட்டுமே குறிக்கிறது. எந்த அடுக்கு, எவ்வளவு தரம் என்பதைக் குறிப்பதில்லை. படலம் ஒட்டிய பிளவுத் தோலும் அம்முத்திரையுடன் விற்பனைக்கு வரலாம்.

விலங்கு வகைகள்

மாட்டுத்தோல்: மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுகளில் மிகுதியாகப் பயன்படுவது. நார்ப்பின்னல் வலுவானது, பெரிய அளவில் கிடைப்பதால் முதுகுப்பகுதியை ஒட்டில்லாமல் ஒரே துண்டாக வெட்டலாம். எடை கூடுதல், உடலோடு பழகச் சில மாதங்கள் ஆகும். கன்றுத்தோல் இதைவிட நுண்ணியது, மென்மையானது.

எருமைத்தோல்: தடித்தது, பெரிய வரிகள் கொண்டது. இதன் நார்ப்பின்னல் மாட்டுத்தோலை விடச் சற்றுத் தளர்வானது. எனவே ஒரே தடிமனில் ஒப்பிட்டால் மாட்டுத்தோலே உறுதி மிக்கது. விலை குறைவு என்பதால் கனமான ஜாக்கெட்டுகளில் இது பயன்படுகிறது.

வெள்ளாட்டுத்தோல்: மெல்லியதாக இருந்தும் நார்கள் நெருக்கமாகப் பின்னியவை. எடைக்கு ஏற்ற உறுதி வேண்டுவோருக்கு இது சிறந்த தேர்வு. மயிர்க்கால் துளைகளால் உண்டாகும் சிறு மேடுபள்ளங்கள் இதன் அடையாளம்.

செம்மறியாட்டுத்தோல்: மிக மென்மையானது, அணிந்த முதல் நாளே உடலோடு படிவது. குளிர்நாடுகளின் கம்பளி ஆடுகளில் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் இடையே கொழுப்பு மிகுதி. அது நீங்கியபின் இரண்டு அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய வாய்ப்புண்டு. இந்தியா, எத்தியோப்பியா போன்ற வெப்பநாடுகளில் வளரும் மயிர் ஆடுகளின் தோல் இதைவிட நெருக்கமானது. எனினும் சாலைப் பாதுகாப்புக்குச் செம்மறித்தோல் உகந்ததன்று. அது உடுத்தி மகிழ்வதற்கான தோல்.

குதிரைத்தோல்: நெருக்கமானது, விறைப்பானது, பழகப் பழகப் பளபளப்பது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க ஜாக்கெட்டுகளின் முதன்மைத் தோலாக இருந்தது. இன்று அரிது, விலையும் கூடுதல்.

கங்காருத்தோல்: இதன் நார்கள் தோலின் பரப்புக்கு இணையாக ஒரே சீராகப் படுத்திருக்கும். அதனால் மெல்லியதாக்கினாலும் உறுதி பெரிதாகக் குறைவதில்லை. மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களின் உடைகளில் பயன்படுகிறது.

பன்றித்தோல்: மயிர்க்கால்கள் தோலின் முழுத் தடிமனையும் ஊடுருவியிருக்கும்; துளைகள் மும்மூன்றாகத் தெரியும். காற்றோட்டம் நன்று. ஜாக்கெட்டின் வெளிப்புறத்தை விட உள்துணியாகவும் ஸ்வீடாகவும் மிகுதியாகப் பயன்படுகிறது.

தடிமனும் உறுதியும்

ஜாக்கெட் தோலின் தடிமன் மில்லிமீட்டரில் அல்லது அவுன்சில் சொல்லப்படும். தோல் வணிகத்தில் ஒரு அவுன்ஸ் என்பது ஓர் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. நாகரிக உடைகளுக்கான செம்மறித்தோல் பொதுவாக 0.6 முதல் 0.9 மி.மீ. வரை இருக்கும். அன்றாடம் அணியும் உறுதியான ஜாக்கெட்டுக்கு 0.9 முதல் 1.1 மி.மீ. போதும். மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுக்கான மாட்டுத்தோல் வழக்கமாக 1.1 முதல் 1.4 மி.மீ. வரை இருக்கும்.

தடித்த தோலெல்லாம் உறுதியானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. நான்கு, ஐந்து மி.மீ. தடிமனுள்ள மாட்டுத்தோலைப் பிளந்தும் சீவியும் 0.8 மி.மீ. ஆக்கினால், வலிமை தரும் கீழடுக்கின் பெரும்பகுதி போய்விடும். எஞ்சுவது பெரும்பாலும் மேலடுக்கு மட்டுமே. வெள்ளாட்டுத்தோலோ இயல்பிலேயே மெல்லியது. அதை 0.8 மி.மீ.க்குக் கொண்டுவரச் சிறிதளவே சீவ வேண்டும் என்பதால் கீழடுக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே இலேசான ஜாக்கெட் வேண்டுமென்றால் மெலிதாக்கிய மாட்டுத்தோலை விட இயல்பாக மெலிந்த ஆட்டுத்தோலும், கனமான ஜாக்கெட் வேண்டுமென்றால் மாட்டுத்தோலும் பொருந்தும்.

தோலில் எந்த இடம்

ஒரே தோலிலும் இடத்துக்கு இடம் உறுதி மாறும். முதுகுத்தண்டின் இருபுறமும் பின்பகுதியும் நெருக்கமான நார்கள் கொண்டவை. தோள்பகுதி அடுத்த நிலை. அதில் கழுத்துச் சுருக்கங்கள் இருக்கும். வயிற்றுப்பகுதியும் கால்கள் உடலோடு சேரும் இடங்களும் தளர்வானவை. இழுத்தால் நீண்டு, பழைய நிலைக்குத் திரும்பாதவை.

தோல் பரப்பளவைக் கொண்டு, சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. வாங்குபவர் வயிற்றுப்பகுதிக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். ஒரு வெள்ளாட்டுத்தோல் ஏறத்தாழ 4 முதல் 6 சதுர அடி இருக்கும். ஆண்களுக்கான ஜாக்கெட் ஒன்றுக்கு வடிவத்தைப் பொறுத்து ஏறத்தாழ 35 முதல் 50 சதுர அடி தேவைப்படும். எனவே எட்டு, பத்து ஆட்டுத்தோல்களை நிறமும் வரியும் தடிமனும் பொருந்தத் தேர்ந்து அடுக்கி வெட்ட வேண்டும். வெட்டுபவரின் நேர்மையும் திறமையும் இங்கேதான் வெளிப்படும். தேர்ந்தவர் முதுகு, தோள், முழங்கை ஆகிய இடங்களுக்கு நல்ல பகுதியை ஒதுக்கி, வயிற்றுத் தோலைக் காலரின் அடிப்பக்கம், பையின் உள்மடிப்பு போன்ற இழுவை இல்லாத இடங்களில் வைப்பார். தோலை வீணாக்காமல் இருப்பதையே குறியாகக் கொண்டவர் கையில் வயிற்றுத் தோல் முழங்கைக்கு வந்துவிடும். சில மாதங்களில் அங்கே பைபோலத் தொங்கும்.

பதனிடும் முறை

பச்சைத்தோல் அழுகாமல் நிலைப்பதற்குக் கொலாஜன் நார்களைப் பிணைக்கும் பொருள் தேவை. பழைய முறையில் மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்பொருளான டானின் பயன்படுகிறது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். இவ்வாறு பதனிட்ட தோல் கெட்டியானது, அழகாகப் பழுப்பது. பைகள், வார்கள், சேணங்களுக்குப் பெயர்பெற்றது.

இன்று ஜாக்கெட் தோல்களில் பெரும்பாலானவை குரோமியம் உப்பால் பதனிடப்படுகின்றன. இம்முறைக்கு அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஓரிரு நாளில் வேலை முடியும்; தோல் மென்மையாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். பச்சைத்தோல் நீரில் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சுருங்கத் தொடங்கும். நன்கு குரோமியம் ஏறிய தோல் கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கும். நனைந்து காய்ந்தாலும் டானின் தோலைப்போல எளிதில் விறைக்காது. மழையிலும் வியர்வையிலும் அணியும் உடைக்கு இது பொருந்துகிறது.

பதனிடலில் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். முறை தவறினால் அதில் சிறிதளவு, தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் அறுவிணைதிறக் குரோமியமாக மாறலாம். உடலில் படும் தோற்பொருள்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் நடைமுறையில் உள்ளது.

பதனிட்டபின் நார்களுக்கு இடையே எண்ணெய் ஏற்றப்படும். இந்த எண்ணெய் குறைந்தால் தோல் உலர்ந்து வெடிக்கும். எனவே பதனிடலைப் போலவே இதுவும் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மேற்பூச்சு

சாயம் மட்டும் ஏற்றி, பூச்சு மிகக் குறைவாக உள்ள தோல் அனிலின் தோல் எனப்படும். இயற்கை வரிகள் முழுதும் தெரியும், தொடுவதற்கு இதமாக இருக்கும். ஆனால் கறையும் வெயிலும் எளிதில் பாதிக்கும். நிறமிப் பூச்சு உள்ள தோல் கறையையும் நிறம் மங்குவதையும் தடுக்கும். பூச்சு தடிப்பாக இருந்தால் மடியும் இடங்களில் வெடிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட செமி-அனிலின் வகை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றது. மிகத் தடித்த பூச்சு பெரும்பாலும் அடியிலுள்ள குறைகளை மறைக்கவே பூசப்படுகிறது.

வரலாற்றில் சில எடுத்துக்காட்டுகள்

1928-இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் வடிவமைத்த பெர்ஃபெக்டோ என்னும் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் குதிரைத்தோலால் ஆனது. ஜிப் பொருத்திய தொடக்ககால ஜாக்கெட்டுகளுள் அது ஒன்று. அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவு 1931-இல் ஏற்றுக்கொண்ட ஏ-2 ஜாக்கெட்டும் பெரும்பாலும் குதிரைத்தோலாலேயே தைக்கப்பட்டது. அக்காலத்தில் பண்ணைகளிலும் வண்டிகளிலும் குதிரைகள் மிகுதி. தோலும் எளிதாகக் கிடைத்தது. டிராக்டரும் மோட்டார் வண்டியும் பெருகியபின் குதிரைகள் குறைந்தன. மாட்டுத்தோல் அவ்விடத்தைப் பிடித்தது. அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட் வெள்ளாட்டுத்தோலுக்குப் பெயர்பெற்றது. எந்தத் தோல் சிறந்தது என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடையில், உறுதியோடு அன்று கைக்கு எட்டியது எது என்பதும் கலந்தே இருந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்கள் தோல் பதனிடலுக்குப் பெயர்பெற்றவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு இங்கு பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குச் சென்றது. சென்னையின் குரோம்பேட்டைக்கு அங்கிருந்த குரோம் தோல் ஆலையே பெயர் தந்தது. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்டது.

இத்தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஒரு ஜாக்கெட்டை மூன்று ஆண்டில் எறிந்துவிட்டு வேறு வாங்குவதைவிட ஒன்றையே முப்பது ஆண்டு அணிவதற்கு இங்கே இன்னொரு காரணமும் கிடைக்கிறது. குறைந்த தோல் பதனிடப்பட்டால் குறைந்த நீரே கெடும்.

வாங்கும்போது சோதித்தல்

ஆய்வகங்களில் தோலின் இழுவிசை, கிழிவலிமை, மடிப்புத் தாங்கும் திறன், சாயம் ஒட்டாமை ஆகியவை எந்திரங்களால் அளக்கப்படுகின்றன. கடையில் நிற்பவருக்குக் கையும் கண்ணும் போதும்.

1. மயிர்ப்பக்கம் உள்ளே இருக்குமாறு தோலை மடித்துப் பார்க்கலாம். நுண்ணிய சுருக்கங்கள் தோன்றினால் நார்கள் நெருக்கமானவை. மேற்பரப்பு தனியே கழன்று பெரிய மடிப்புகளாக எழுந்தால் தோல் தளர்வானது.
2. வெட்டிய ஓரம் ஒன்று தெரிந்தால் அதைக் கவனிக்கலாம். நார்கள் ஒரே தொகுதியாகத் தெரிய வேண்டும். மேலே பிளாஸ்டிக் படலம்போலத் தனிக்கோடு தெரிந்தால் அது படலம் ஒட்டிய தோல். அடியில் துணி நெசவு தெரிந்தால் அது தோலே அன்று.
3. விரலால் அழுத்தினால் இயற்கைத் தோலில் அழுத்திய இடத்தைச் சுற்றிச் சிறு வரிகள் விரியும்.
4. வெவ்வேறு துண்டுகளின் வரிகளை ஒப்பிடலாம். எல்லா இடத்திலும் அச்சடித்ததுபோல ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அது செயற்கையாகப் பதித்தது.
5. முழங்கை, அக்குள், தோள் ஆகிய இடங்களை இரு கைகளாலும் இலேசாக இழுத்துவிட வேண்டும். தோல் மீண்டும் பழைய நிலைக்கு வர வேண்டும்.
6. உள்துணியை விலக்க முடிந்தால் சதைப்பக்கத்தைப் பார்க்கலாம். தோலுரித்தபோது கத்தி பட்ட வெட்டுகள் அங்கே இருந்தால், மேலே தெரியாவிட்டாலும் அந்த இடம் பலவீனமானது.

ஆறிய கீறல்களின் தழும்பு குறையன்று. கொழுந்துவிட்ட தீக்குச்சியால் எரித்துப் பார்க்கும் பழக்கம் பொருளைக் கெடுப்பதோடு சரியான விடையையும் தருவதில்லை. படலம் ஒட்டிய தோலிலும் அடியில் இருப்பது தோல்தான்.

தையல்

தோல் கிழிவதற்கு முன் தையல் விட்டுப்போவதே மிகுதி. பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுவிடும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலே ஏற்றது. தையல்கள் மிக நெருக்கமாக இருப்பதும் தவறு. துணியில் ஊசி இழைகளை விலக்கிச் செல்கிறது. தோலிலோ நிரந்தரத் துளையிடுகிறது. துளைகள் நெருங்கினால் தபால்தலையின் ஓரம்போல அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும். தோள், கை இணைப்புகளில் இரட்டைத் தையல் இருப்பது நன்று.

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கான பாதுகாப்பு உடைகளை ஐரோப்பாவின் இஎன் 17092 தரநிலை, ஏஏஏ முதல் சி வரை வகுக்கிறது. உராய்வு, கிழிதல், தையல் வலிமை ஆகியவை சேர்த்தே சோதிக்கப்படுகின்றன. தோலின் பெயரை மட்டும் நம்புவதைவிட இந்த வகுப்புக் குறியீட்டைப் பார்ப்பது பாதுகாப்பானது.

பராமரிப்பு

வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் தோலின் முதல் எதிரி பூஞ்சை. நெகிழிப் பையில் கட்டிவைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் அகன்ற தாங்கியில் தொங்கவிட வேண்டும். நனைந்தால் நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும்; வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் விறைத்துப்போகும். வியர்வைபட்ட கழுத்தும் கைமுனையும் ஈரத்துணியால் துடைக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை தோலுக்கான குழைமத்தைச் சிறிதளவு பூசினால் போதும். அளவுக்கு மிஞ்சினால் நார்கள் தளரும்.

பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலுக்கு இத்தகைய பராமரிப்பு பயன் தருவதில்லை. காற்றிலுள்ள ஈரமே அந்தப் படலத்தைச் சிதைப்பதால், அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காலப்போக்கில் அது செதில் செதிலாக உரியும். உரிந்ததைச் சரிசெய்ய வழியில்லை. இயற்கைத் தோலில் தையல் விட்டால் மீண்டும் தைக்கலாம், ஜிப் பழுதானால் மாற்றலாம், நிறம் மங்கினால் மறுபடி ஏற்றலாம். பழுதுபார்க்க இடம் கொடுப்பதே நல்ல தோலின் நீண்ட ஆயுளுக்கு அடிப்படை.